வரைபடத்தில் நிற்கும் மரமும் மனிதரும்

கட்டடக் கலைஞர் ஒருவர் ஒரு மாளிகையை எழுப்புமுன் பல படங்களை வரைகின்றார். அறைகள் எங்கெங்கே அமையும் என்பதைக் காட்டுவது தரைப்படம். முன்புறம் எவ்வாறு அமையும் என்பதைக் காட்டுவது முகப்புப்படம். கட்டடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாற்போல உட்பகுதியைக் காட்டுவது வெட்டுப்படம். இம்மூன்றும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரியவை. நான்காவதாக ஒரு படம் உண்டு. கட்டடம் முடிந்த பின் நம் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டுவதால், அதனைத் தோற்றப்படம் என்று கூறுவோம். பொருள் தருவோருக்கும் பொதுமக்களுக்கும் காட்டப்படுவது பெரும்பாலும் இதுவே.

இந்த நான்காம் படத்தில் மட்டும், கட்டடக் கலைஞர் கட்டப் போகாத இரண்டு பொருள்கள் இடம்பெறுகின்றன. ஒன்று மரம், மற்றொன்று மனிதர். வாயிலருகே ஒரு தாய் தன் குழந்தையை நடத்திச் செல்கின்றாள். ஓரத்தில் ஒரு மரம் கிளை விரித்து நிற்கின்றது. செங்கற் கணக்கிலும் மரக்கணக்கிலும் இவற்றுக்கு இடமில்லை. ஆயினும் இவை இல்லாத தோற்றப்படத்தைக் காண்பது அரிது. இவை எதற்காக வந்தன? அலங்காரத்திற்காக என்பது எளிய விடை. வரலாற்றைப் பார்த்தால், இவை அளவுகோலாக வந்தன என்பதும், சில வேளைகளில் அந்த அளவுகோலே பொய் சொன்னது என்பதும் விளங்கும்.

இத்தாலி நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி என்னும் பேரறிஞர் 1435ஆம் ஆண்டில் ஓவியத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஓவியன் முதலில் ஒரு மனிதனின் உயரத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. பிராச்சோ என்பது அந்நாட்டுக் கை அளவு. நம் முழத்தைவிடச் சற்று நீண்டது. அவ்வளவில் மூன்று கொண்டது மனிதனின் உயரம் என்று வைத்து, அதனைக் கொண்டே படத்தின் மற்ற அளவுகளை எல்லாம் வகுத்தார். ஆக, படத்தில் மனிதனே முதல் அளவுகோல்.

அதே ஆல்பெர்ட்டி பின்னர்க் கட்டடக் கலையைப் பற்றியும் ஒரு பெருநூல் எழுதினார். அது 1485ஆம் ஆண்டில் அச்சேறியது. அந்நூலில் அவர் வேறொரு குரலில் பேசுகின்றார். ஓவியன் ஒளியும் நிழலும் தீட்டிப் பொருளைத் திரட்சியாகக் காட்டலாம். கட்டடக் கலைஞனோ நிழல் தீட்டாமல் உண்மை அளவுகளைக் காட்ட வேண்டும் என்கின்றார். வண்ணம் பூசிப் பளபளப்பாக்கிய மாதிரிகளைக் காட்டுவோர், பார்ப்பவரின் சிந்தனையை மயக்க விரும்புவோர் என்றும் அவர் எச்சரிக்கின்றார். ஒரே அறிஞர் இரண்டு நூல்களில் இரண்டு அறங்களைச் சொல்லியிருக்கின்றார். பின் வந்த 500 ஆண்டுகளின் கதை இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே எனலாம்.

மாணவர்களே, இங்கே ஒரு சிறு விதியை அறிந்துகொள்வது நன்று. நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதுண்டு. நீங்கள் சமதரையில் நின்று ஒரு நீண்ட தெருவைப் பார்க்கின்றீர்கள். உங்கள் உயரமே உடைய மனிதர் பலர் அருகிலும் தொலைவிலும் நிற்கின்றனர். தொலைவில் நிற்பவர் சிறியவராகத் தோன்றுவார். அவர் பாதம் மேலே ஏறியதுபோல் தெரியும். ஆனால் எல்லாருடைய கண்களும் ஒரே கோட்டில் அமைந்திருக்கும். அதுவே கண்மட்டக் கோடு. உங்கள் கண்ணின் உயரம் எதுவோ அதுவே அக்கோட்டின் உயரம். கடற்கரையில் நின்று பார்த்தால் கடலும் வானும் தொடும் கோடு அதுவாகவே இருக்கும். நாளைக் காலையில் பள்ளி மைதானத்தில் இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இவ்விதியைக் கைவிடாமல் மனிதரை வரைந்தால் படம் உண்மை பேசும். சற்றே மாற்றினால் என்ன ஆகும்? ரோமாபுரியின் பழம்பெரும் இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர் பிரானேசி. அவர் 1720இல் பிறந்து 1778இல் மறைந்தவர். அவருடைய படங்களில் மாபெரும் வளைவுகளின் அடியில் மனிதர்கள் மிகச் சிறிய உருவங்களாகக் கையசைத்து நிற்கின்றனர். மனிதன் சிறுத்தான், ஆகவே கல் பெருத்தது. கல்லைத் தொடாமலே கல்லைப் பெரிதாக்கும் வித்தை இது.

பிரெஞ்சு நாட்டில் பூலே என்பவர் 1784ஆம் ஆண்டில் விஞ்ஞானி நியூட்டனுக்கு ஒரு நினைவு மண்டபத்தைக் கற்பனை செய்தார். அது ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள ஓர் உருண்டை. அதனைச் சுற்றிய மேடைகளில் சைப்பிரசு மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடியில் மனிதர் எறும்புகளைப்போல் தெரிகின்றனர். அக்கட்டடம் எழவே இல்லை. எனினும் இன்றும் அப்படத்தைப் பார்ப்பவர் அதன் பருமையை உணர்கின்றனர். மரங்களையும் மனிதரையும் விரலால் மறைத்துப் பாருங்கள். அந்த உருண்டை ஒரு பந்தாகவும் இருக்கலாம். ஆனால் பூலே பொய் சொல்லவில்லை. 150 மீட்டர்ப் பொருளின் முன் மனிதன் எறும்புதான். அளவு கெடாத வரையில் சிறுமையும் உண்மையே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். புதுதில்லியை அமைத்தபோது, அரசப் பிரதிநிதியின் மாளிகையை எட்வின் லட்யன்ஸும், அதன் முன் இருபுறமும் உள்ள செயலகக் கட்டடங்களை ஹெர்பர்ட் பேக்கரும் வகுத்தனர். 1914ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் அகாதெமியில் ஒரு தோற்றப்படம் காட்சிக்கு வைக்கப்பட்டது. வரைந்தவர் வில்லியம் வால்காட் என்னும் தேர்ந்த ஓவியர். அதில் ராய்சினா குன்றின்மீது மாளிகை தடையின்றித் தெரிந்தது. ஆனால் அது, தரையில் நிற்கும் மனிதனின் கண்ணைவிட மிக உயர்ந்த ஓரிடத்திலிருந்து பார்த்தாற்போல் வரையப்பட்டிருந்தது. சாலையும் சரிவும் அமைந்த பிறகு, தரையில் நடந்து வருபவர் கண்ணுக்குச் சரிவின் முகடு மாளிகையை மறைத்தது. ஓரிடத்தில் குவிமாடத்தின் மேற்பகுதியே மிஞ்சியது. லட்யன்ஸ் கொதித்தார். சரிவை மாற்றப் பல ஆண்டுகள் போராடியும் பயனில்லை. இரு நண்பர்களின் உறவும் முறிந்தது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் அக்கட்டடத்தை நோக்கி ராஜபாதையாக இருந்து 2022இல் கடமைப்பாதை எனப் பெயர் மாறிய சாலையில் செல்வோர் இதனை நேரில் காணலாம். அப்படத்தை நோக்கி ஒருவர், "இது யாருடைய கண்?" என்று கேட்டிருந்தால் போதும். தரையில் நிற்கும் மனிதனின் தலை கண்மட்டக் கோட்டுக்கு மிகக் கீழே இருந்தால், பார்ப்பவன் வானில் நிற்கின்றான் என்பது பொருள்.

மனிதன் இடத்தை அளக்கின்றான் என்றால், மரம் காலத்தை அளக்கின்றது. இங்கிலாந்தில் 1788ஆம் ஆண்டு முதல் தோட்டங்களை வகுக்கும் தொழிலை மேற்கொண்ட ஹம்ப்ரி ரெப்டன், நிலக்கிழார்களுக்குச் சிவப்புத் தோலட்டைப் புத்தகங்களைத் தயாரித்துக் கொடுத்தார். அவற்றின் படங்களில் ஒரு மடல் ஒட்டப்பட்டிருக்கும். மடல் மூடியிருந்தால் நிலத்தின் அன்றைய நிலை. மடலைத் தூக்கினால் ரெப்டன் செய்யவிருக்கும் மாற்றம். வேலி மறையும், நீர்நிலை விரியும், தோப்புகள் எழும். மிகச் சிறந்த உத்தி இது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மடலைத் தூக்க ஒரு விநாடி போதும். தோப்பு வளர ஒரு தலைமுறை வேண்டும். அந்த இடைவெளி படத்தில் தெரிவதில்லை.

அந்த இடைவெளியை வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றிக் கூறவே இவ்வளவும் சொன்னேன். அவர் பெயர் மரியன் மஹோனி. 1871ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தவர். பெண்கள் அத்துறையில் காலடி வைப்பதே அரிதாயிருந்த 1894ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலையில் பட்டம் பெற்றார். பின்னர் பிராங்க் லாயிட் ரைட் என்னும் புகழ்பெற்ற கலைஞரிடம் பல ஆண்டுகள் பணியாற்றினார். ரைட்டின் வீடுகளுக்குத் தோற்றப்படம் வரைவது அவர் பணிகளுள் ஒன்று.

அப்படங்களில் மரங்கள் பின்னணியில் நிற்கும் வெறும் பச்சைப் புள்ளிகளாக இல்லை. ஒரு கிளை முன்னே வந்து வீட்டைப் பாதி மறைக்கும். ஒரு கொடி படத்தின் ஓரத்திலிருந்து இறங்கும். இலைகளுக்கிடையே கூரை தெரியும். ஜப்பானிய மரஅச்சு ஓவியங்களின் முறை இது. டீ ரோட்ஸ் என்பவரின் வீட்டுக்கு 1906இல் வரைந்த படத்தின்மீது, தன்னையும் ஹிரோஷிகே என்னும் ஜப்பானிய ஓவியரையும் பின்பற்றி மஹோனி வரைந்தது என்று ரைட்டே தம் கையால் குறித்து வைத்தார். 1910ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ரைட்டின் படைப்புகள் 100 தகடுகளாக வெளிவந்து ஐரோப்பாவை ஈர்த்தன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மஹோனியின் கைவண்ணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். புகழ் வீட்டை வகுத்தவருக்குச் சென்றது. மரத்தை வரைந்த கை நெடுங்காலம் மறைந்தே இருந்தது.

1911ஆம் ஆண்டில் அவர் வால்ட்டர் பர்லி கிரிஃபின் என்னும் கட்டடக் கலைஞரை மணந்தார். அப்போது ஆஸ்திரேலிய நாடு புதிய தலைநகருக்கு உலகளாவிய போட்டி ஒன்றை அறிவித்தது. அனுப்பப்பட்ட திட்டங்கள் 137. அவ்விருவரும் அந்நிலத்தை நேரில் கண்டதில்லை. கணவர் நகரத்தை வகுத்தார். மனைவி அதனைத் துணியின்மீது பெரும் படங்களாகத் தீட்டினார். எய்ன்ஸ்லி மலைமீது நின்று பார்ப்பதுபோல் அமைந்த படத்தில், வெயிலில் காய்ந்த மலைகளின் பொன்னிறமும், நடுவே ஒரு நீண்ட ஏரியும், சோலைகளும் விளங்கின. 1912ஆம் ஆண்டு மே மாதம் அத்திட்டமே முதற்பரிசு பெற்றது. அந்நகரமே கான்பரா.

ஆனால் துணியில் இருந்த ஏரி மண்ணில் எப்போது வந்தது? கிரிஃபின் 1920இல் அப்பணியை விட்டு விலக நேர்ந்தது. 1935இல் இலக்னோ பல்கலைக்கழகத்தின் நூலகத்தை வகுக்க நம் நாட்டுக்கு வந்தார். மறு ஆண்டில் மரியனும் வந்து சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிரிஃபின் இலக்னோவில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மரியன் 1961இல் சிகாகோவில் மறைந்தார். கான்பரா ஏரி நிரம்பியது 1964ஆம் ஆண்டில். வரைந்தவர் கண் அதனைக் காணவில்லை.

இதனைப் பொய்ப்படம் என்பீர்களா? நான் அவ்வாறு கருதேன். அந்த மரங்களுக்கு இடம் விடப்பட்டிருந்தது. அந்த நீருக்குப் பள்ளம் இருந்தது. 1913 முதலே வெஸ்டன் என்னும் தோட்டக்கலை வல்லுநர் கான்பராவில் மரம் வளர்க்கும் பணியைத் தொடங்கியிருந்தார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த காலத்தில் மரியன், அந்நாட்டு மரங்களை ஒவ்வொன்றாகக் கூர்ந்து பார்த்து, மனிதரின் உருவப்படம் போலவே தனித்தனிப் படங்களாகவும் தீட்டினார். நடப்போகும் மண்ணின் மரத்தை அறிந்து வரைதல், அதற்கு வேண்டிய நிலத்தைத் திட்டத்தில் ஒதுக்குதல், காத்திருத்தல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால், படத்தில் நிற்கும் மரம் ஒரு வாக்குறுதி ஆகின்றது.

இன்று தூரிகையின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. மனிதரையும் மரங்களையும் நிழற்படங்களிலிருந்து வெட்டியெடுத்துச் சேமித்து வைத்திருக்கின்றனர். வேண்டியதை எடுத்து ஒட்டினால், கட்டாத வீட்டின் முன் நிசமான மனிதர் நிற்பார். இலையின் நரம்புகூடத் தெரியும். உண்மையைப் போன்ற தோற்றம் மலிந்த காலத்தில் உண்மையைக் கேட்டறியும் பழக்கம் இன்னும் மிகுதியாக வேண்டும். உங்களுள் பலருடைய பெற்றோர் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு அடுக்குமாடி வீடு வாங்க எண்ணுவர். அவர்கள் கையில் வருவது இத்தகைய படமே. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலுள்ள பொய்யான செய்தியை நம்பி இழப்படைந்தவர்க்கு, விற்பவர் ஈடு செய்ய வேண்டும் என்கின்றது. ஆல்பெர்ட்டி அறமாகச் சொன்னது இன்று நம் நாட்டில் சட்டமாக நிற்கின்றது.

ஆகவே, அத்தகைய படம் உங்கள் வீட்டு மேசைமீது வரும்போது அருகே அமர்ந்து பாருங்கள். படத்திலுள்ள மனிதரின் தலைகள் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்று முதலில் காணுங்கள். வாயிற்கதவின் உயரத்தோடு அவர்களை ஒப்பிடுங்கள். கதவு அவர்களைப்போல் இருமடங்கு உயரமாகத் தோன்றினால், கூடம் பெரியதா, மனிதர் சிறியவரா என்று கேளுங்கள். பின் மரத்தைப் பாருங்கள். அது எத்தனை ஆண்டு மரம்? நம் ஊர் வெயிலில் வளர்வதா? தரைப்படத்தை எடுத்து, அம்மரம் நிற்கும் இடத்தின் அடியில் இருப்பது மண்ணா, வண்டி நிறுத்தும் நிலவறையின் கூரையா என்று விரல் வைத்துப் பாருங்கள். நீங்கள் பள்ளியில் கற்ற வடிவகணிதமும் தாவரவியலும் அன்று உங்கள் தந்தையாருக்குப் பயன்படும்.

உங்களுள் சிலர் நாளை கட்டடக் கலைஞர் ஆவீர்கள். அப்போது தெருவில் நடக்கும் மனிதரை, முதியவரும் சுமை தூக்குபவரும் உட்பட, அவரவர் உண்மை உயரத்தில் வரையுங்கள். வேம்பை வரைந்தால் வேம்புக்குக் குழி எங்கே என்று தரைப்படத்தில் குறித்து வையுங்கள்.