ஒரு பந்து இடது பக்கம், அடுத்தது வலது பக்கம்: கோல்ஃபில் டிரைவர் ஷாட் ஏன் தறிகெட்டுப் போகுது? எப்படிச் சரிசெய்வது?

1995, ஜூலை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 'தி ஓபன்' கோல்ஃப் போட்டி. அங்கே முதல் ஹோலுக்கும் 18-வது ஹோலுக்கும் ஒரே புல்வெளிதான். அகலம் 100 யார்டுக்கும் மேல். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் உள்ளேதான் விழும் என்று சொல்வார்கள். அன்று ஆஸ்திரேலிய வீரர் இயன் பேக்கர்-ஃபின்ச் அடித்த முதல் பந்து அந்த அகலம் முழுவதையும் தாண்டி, இடது பக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே போனது. பக்கத்தில் நின்று பார்த்தவர் ஜாம்பவான் ஆர்னால்ட் பால்மர்.

பேக்கர்-ஃபின்ச் கத்துக்குட்டி இல்லை. 1991-ல் இதே தி ஓபன் பட்டத்தை வென்றவர். அதன்பிறகு இன்னும் கொஞ்சம் தூரம் அடிக்கணும் என்று ஸ்விங்கில் கைவைத்தார். ஒன்றை மாற்ற, இன்னொன்று கெட்டது. 1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஆடிய 29 பிஜிஏ டூர் போட்டிகளில் ஒன்றில்கூட 'கட்' தாண்டவில்லை. 1997 தி ஓபனில் முதல் சுற்றில் 92 அடித்தார். பாரை விட 21 அதிகம். அத்தோடு போட்டியிலிருந்து விலகினார், டூர் வாழ்க்கையும் முடிந்தது.

சாம்பியனுக்கே இந்த நிலைமை என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப்பைத் தொடுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் டிரைவர் ஷாட் தடுமாறுவதற்குக் காரணம் தெளிவானது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்விங்கை மொத்தமாக மாற்றுவதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிரைவர் மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?

டிரைவர் என்பது கோல்ஃப் பையிலேயே நீளமான கிளப். ஹோலின் தொடக்க இடமான டீயிலிருந்து, பந்தைச் சிறு குச்சியின் மேல் வைத்து, அதிக தூரம் அனுப்ப அடிப்பது. கடைகளில் விற்பது பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும். கிளப் நீளமாக ஆக, அதன் தலை உங்கள் கைக்குக் கட்டுப்படுவது குறையும். அதோடு, டிரைவரின் முகம் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், சாய்வு 9 முதல் 12 டிகிரிதான். சாய்வு அதிகமுள்ள கிளப்பில் பந்து பின்பக்கமாக நிறையச் சுழலும், அதனால் சின்னத் தப்பு அவ்வளவாகத் தெரியாது. டிரைவரில் அந்தத் தயவு கிடையாது.

பந்து கிளப் முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி விநாடி. தொழில்முறை வீரர்களின் கிளப் தலை அப்போது மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. திருத்தம் எல்லாம் அதற்கு முன்பே, நிற்கும்போதும் பிடிக்கும்போதும் நடந்திருக்கணும்.

முகமா, பாதையா?

(இனி சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் திசையைத் திருப்பிப் படிக்கவும்.)

கிளப் சுழன்று வரும் பாதையில்தான் பந்து புறப்படும், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கடைசியில் வளையும் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்தபிறகு அது தலைகீழானது. டிரைவரில் பந்து புறப்படும் திசையை 80 சதவீதத்துக்கும் மேல் தீர்மானிப்பது முகம்தான். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது.

இதைக் கதவு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். பாதையோடு ஒப்பிடும்போது முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும். அதுதான் ஸ்லைஸ். மூடியிருந்தால் இடது பக்கம் வளையும். அது ஹூக். முகம் வெறும் 1 டிகிரி விலகினாலே, 200 யார்டில் பத்து அடிக்கு மேல் தள்ளிப் போகும். 5 டிகிரி என்றால் ஐம்பது அடிக்கும் மேல். வளைவு தனிக்கணக்கு.

பலரும் செய்யும் ஒரு தப்பு இங்கேதான் இருக்கிறது. பந்து வலது பக்கம் போகுதே என்று உடம்பை இடது பக்கம் திருப்பி நிற்பார்கள். கிளப் இன்னும் அதிகமாக வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு வரும். முகம் அதே இலக்கைப் பார்த்தபடிதான் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடும், ஸ்லைஸும் கூடும். மருந்தே நோயாகிற கதை.

ஒரே ஸ்விங், ரெண்டு திசை

எல்லாப் பந்தும் வலது பக்கமே போனால்கூடப் பரவாயில்லை, அது ஒரு ஒழுங்கு. ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்றால்? பெரும்பாலும் ஸ்விங் மாறியிருக்காது, பந்து முகத்தில் படும் இடம்தான் மாறியிருக்கும்.

கேரம் விளையாடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்ட்ரைக்கர் காயின் நடுவில் பட்டால் ஒரு கணக்கு, ஒரு நூல் தள்ளிப் பட்டால் வேறு கணக்கு. டிரைவரில் பந்து முகத்தின் வெளிநுனிப் பக்கம் பட்டால் கிளப் தலை லேசாகத் திரும்பும், அதற்கு எதிராகப் பந்து சுழன்று இடது பக்கம் வளையும். கைப்பிடித் தண்டு சேரும் பக்கம் பட்டால் வலது பக்கம் வளையும். இரண்டிலும் தூரமும் குறையும்.

எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் மீது பட்டையாக ஒரு பொட்டு வைத்து, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்கும்படி டீயில் வையுங்கள். அடித்ததும் முகத்தில் அச்சு விழும். துடைத்துவிட்டு மறுபடியும். பத்துப் பந்து அடித்து, ஒவ்வொன்றும் எங்கே பட்டது, எங்கே போனது என்று போனில் குறித்துக்கொண்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் எதைத் தொடணும்?

அச்சு முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், பிடியையோ பாதையையோ தொடாதீர்கள். பந்திலிருந்து நிற்கும் தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவில் இருக்கணும். அடித்து முடித்து மூன்று விநாடி தள்ளாடாமல் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பலத்தைக் குறைங்கள். பிறகு கிளப்பை ஒரு அங்குலம் கீழிறக்கிப் பிடித்துப் பாருங்கள். தூரம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 2000-ல் எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருந்த டைகர் வுட்ஸின் டிரைவரே 44 அங்குலத்துக்கும் குறைவுதான்.

அச்சு நடுவில்தான் விழுகிறது, ஆனாலும் பந்து வளைகிறது என்றால் பிரச்சினை முகத்தில். பிடியைப் பாருங்கள். நிற்கும்போது கீழே பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரியணும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்தபடி வர வாய்ப்பு அதிகம். நான்கும் தெரிந்தால் மூடிவிடும்.

பந்து இருக்க வேண்டிய இடம் இடது குதிகாலுக்கு நேர் உள்பக்கம். டிரைவரை லேசாக மேல்நோக்கிய ஏற்றத்தில் அடிக்க இதுதான் தோது. அதற்கும் முன்னால் தள்ளி வைத்தால் தோள் இடது பக்கம் திறந்துகொள்ளும், பழைய ஸ்லைஸ் திரும்பிவிடும். டீ உயரம், கிளப் தலைக்கு மேல் பாதிப் பந்து தெரியும் அளவு.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் பந்துக்கு ஏற்ப மட்டையைக் கடைசி நொடியில் சரிசெய்து பழகிய கை, நிற்கும் பந்தையும் அப்படியே துரத்தும். இங்கே பந்து எங்கேயும் போகாது. அவசரமே இல்லை.

ரேஞ்சில் வருது, முதல் டீயில் வரலையே?

பேக்கர்-ஃபின்ச்சுக்கும் இதேதான். பயிற்சி ரேஞ்சில் பந்துகள் கயிறு பிடித்த மாதிரி போகும், முதல் டீயில் எல்லாம் காணாமல் போகும். ரேஞ்சில் ஒரே டிரைவரால், ஒரே இலக்கை நோக்கி, ஐம்பது பந்து வரிசையாக அடிக்கிறோம். முந்தைய அடி தப்பினால் அடுத்தது சரிசெய்யும். மைதானத்தில் அந்த வாய்ப்பு இல்லை. பந்து எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்கணும். அது உங்கள் மூன்றாவது ஸ்ட்ரோக்.

அதனால் ரேஞ்சிலேயே மைதானம் மாதிரி ஆடிப் பழகுங்கள். ஒரு டிரைவர், அடுத்து ஒரு அயர்ன், பிறகு மறுபடி டிரைவர். ஒவ்வொரு முறையும் புது இலக்கு. பின்னால் நின்று திசை பார்த்து, ஒரு வெறும் ஸ்விங், பிறகு அடி. இந்த வரிசை மாறக்கூடாது.

தூரம் பற்றி இன்னும் கவலைப்படுபவர்கள் அதிதி அசோக்கைப் பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரைவர் தூரத்தில் கடைசி வரிசையில் இருந்தவர் அவர். ஆனாலும் நான்கு சுற்றின் முடிவில் 15 அண்டர் பாருடன் நான்காம் இடம். பதக்கம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கைநழுவியது.