கடைத்தமிழ்: மூன்று நகரங்களின் உணவுக்கடைகள்

மொழி வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பழைய நாளிதழ்களையும் நாடுவது இயல்பு. நாம் பினாங்கிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த காலங்களில் வழக்கமாக உண்ட கடைகளையும் அச்சான்றுகளோடு சேர்த்தல் தகும் என்பது நம் கருத்து. அக்கடைகளில் வழங்கிய சொற்கள் பெரும்பாலும் அகராதி ஏறாதவை. எனினும் கடல் கடந்த தமிழர் யாருடன் பழகினர், யாருக்கு விற்றனர் என்பதை அவை காட்டுகின்றன.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா 1907இல் தோன்றியது. அதன் புகழ் 'நாசி கண்டார்' என்னும் உணவால் வந்தது. மலாயில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம் வணிகர் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். சமைத்தவர் தமிழர், பெயரோ மலாய். விற்பவர் தம் பொருளுக்கு வாங்குவோரின் மொழியில் பெயரிட்டார் என்பதே இதன் பொருள். எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. ஆப்பமும் புட்டும் கறியும் உடன் சென்றன. 'மாமா' என்னும் முறைப்பெயரே 'மாமாக்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து.

'ரொட்டி சானாய்' பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். சென்னையிலிருந்து வந்தமையால் இப்பெயர் என்று பலரும் சொல்வர். நாம் அதனை ஏற்பதில்லை. மலாயில் 'சானாய்' என்பதற்கு மாவை மெல்லியதாகப் பரத்துதல் என்ற பொருள் உண்டு. செய்முறையே பெயராகியிருக்க, ஊர்ப்பெயரைத் தேடுவானேன்? அச்சொல்லுக்குத் தீட்டுதல், தேய்த்தல் என்னும் பொருளும் இருப்பதால் நம் 'சாணை'க்கல் நினைவுக்கு வருகிறது. தமிழ்த் தொடர்பு வேண்டுமெனில் நகரத்தை விட்டுக் கல்லின் பக்கம் தேடுவதே தக்கது. சிங்கப்பூரில் அதே ரொட்டி 'புராட்டா' ஆகிவிடுகிறது. அது வட இந்தியப் 'பராட்டா'வின் திரிபு.

ஆய்வு மாணவராகச் சென்னை சென்றபோது நமக்கு வாய்த்த கடை, திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கஃபே. இட்டலியை மூழ்கடிக்கும் சாம்பாருக்குப் பேர்பெற்ற அதனைத் தொடங்கியவர் வட இந்தியர் என்பது சுவையான செய்தி. அங்கே 'ஹோட்டல்' என்றால் உண்ணும் இடம். நம் நாடுகளிலோ அது தங்கும் இடம். இலங்கைத் தமிழர் 'சைவக்கடை' என்று சொல்லிக் குழப்பத்தைத் தவிர்த்துக்கொண்டனர்.

அந்நகரில் நாம் 'தே' என்று கேட்டால் பரிமாறுபவர் விழிப்பார். 'டீ' என்றால்தான் வரும். உண்மையில் இரண்டும் ஹொக்கியன் சீனரின் 'தே' என்னும் ஒரே சொல்லின் கிளைகள். ஒன்று டச்சு, ஆங்கில வணிகர் கைமாறிச் சென்னை சேர்ந்தது. மற்றொன்று மலாய் வழியே நம் கடைகளுக்கு வந்தது. செந்தமிழ் என நாம் எழுதும் 'தேநீர்', 'தேயிலை' ஆகியவற்றின் முதலெழுத்தும் அந்தச் சீனச் சொல்லே.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கோமள விலாஸ் 1947இல் தொடங்கப்பட்டது. அச்சாலையின் கடைகளில் 'ஒரு தே ஓ கோசோங் குடுங்க' என்ற வாக்கியத்தை நாம் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறோம். 'ஓ' ஹொக்கியனில் கருமை. இங்கே பால் இல்லாதது. 'கோசோங்' மலாயில் வெறுமை. இங்கே சர்க்கரை இல்லாதது. எண்ணும் வினையும் தமிழ். தமிழிலும் ஹொக்கியனிலும் அடை முன்னே வரும். மலாயிலோ பெயரைத் தொடர்ந்து வரும். ஆகவே 'தே ஓ' என்பது சொல்லளவில் சீனம், தொடரமைப்பில் மலாய். அதனைத் தாங்கும் வாக்கியம் தமிழ். ஒரு கோப்பைக்குள் இத்தனை இலக்கணம்!

இன்று பல கடைகளில் திரையைத் தொட்டே உணவு கேட்கிறோம். பரிமாறுவோரும் அடிக்கடி மாறுகின்றனர். வாய்ச்சொல்லுக்கு இடம் குறையும்போது இவ்வாக்கியங்களும் ஓசையின்றி மறையும். வகுப்பறையில் நாம் இவற்றைக் கொச்சை என ஒதுக்குவது அம்மறைவை விரைவுபடுத்துகிறது. கட்டுரையில் 'தேநீர்' என்றே எழுதட்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வழக்கை அறிவது வேறு, எழுத்தில் ஆள்வது வேறு.

மாணவர்க்கு ஒரு சிறு வேலை தரலாம். உணவை வீட்டிற்கு எடுத்துச் செல்லக் கேட்கும்போது ஒருவர் 'பார்சல்' என்கிறார். ஒருவர் மலாயில் 'புங்குஸ்' என்கிறார். ஒருவர் சீனத்தில் 'தாப்பாவ்' என்கிறார். இன்னொருவர் 'கட்டிக் குடுங்க' என்கிறார். எந்த வயதினர், எந்தக் கடையில், எதனைச் சொல்கின்றனர் என்று ஒரு மாதம் குறித்து வரட்டும். தாத்தா பாட்டியரிடமிருந்தே தொடங்கலாம்.