உதவித்தொகையை விட்டுட்டு வேலைக்குப் போக ஏன் பயப்படுறாங்க? ஒரு அமெரிக்க வரலாறு



1956. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். சம்பளத்தில் வரி கட்டிவந்த தொழிலாளி உடலோ மனமோ கெட்டு உழைக்க முடியாமல் போனால், மாதாமாதம் உதவித்தொகை. முதலில் 50 வயதைத் தொட்டவர்களுக்கு மட்டும். 1960-ல் அந்த வரம்பும் போனது.

நல்ல திட்டம்தான். ஆனா உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது. சொல்லிக்கொள்ளும்படி வருமானம் தரும் எந்த வேலையும் செய்ய இயலாதவர்தான் தகுதியானவர்.

கவனிங்க. பணம் வாங்க "என்னால முடியாது"ன்னு நிரூபிக்கணும். அதுக்கே மாசக்கணக்கில் அலையணும். அப்படி நிரூபிச்சவரை மறுநாளே "வாங்க, வேலைக்கு முயற்சி பண்ணலாம்"னு கூப்பிட்டா வருவாரா?

1972-ல் முடிச்சு இன்னும் இறுகியது. உதவித்தொகை வாங்கி 2 வருடம் ஆனவர்களுக்கு மெடிக்கேர் காப்பீடும் உண்டு என்றார்கள். மனச்சிதைவு நோய் இருப்பவருக்குத் தொகையை விட அந்தக் காப்பீடுதான் உயிர். அட்மிஷன் செலவெல்லாம் அதில்தான். வேலைக்குப் போனா ரெண்டும் போயிடுமோ என்ற பயம் வந்தது. ஊர் இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லும். எனக்கு இது சரியான வீட்டுக்கணக்காத்தான் தெரியுது.

இதில் எங்க மருத்துவக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. முதலில் நோய் அடங்கட்டும், பிறகு பயிற்சி, அதுக்கப்புறம் வேலை பார்க்கலாம் என்பதே வழக்கம். பகல்நேர மையத்தில் கூடை பின்னியே வருஷங்கள் ஓடும். அந்த "அப்புறம்" பெரும்பாலானவர்களுக்கு வரவே இல்லை.

1990-களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனான் நகரில் (நாடு இல்லீங்க, ஊர் பேரு) அப்படி ஒரு மையத்தையே மூடிட்டாங்க. அதே ஊழியர்களை நோயாளிகளுக்கு வெளியே வேலை தேடித் தரும் பணிக்கு மாத்தினாங்க. நோய் கிளம்பிடும், அட்மிஷன் கூடும்னு பயம் இருந்தது. டார்ட்மவுத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் கணக்கெடுத்தாங்க. பொதுவேலையில் இருந்தவர்கள் 25 சதவீதத்திலிருந்து 39 சதவீதமா உயர்ந்தாங்க. அட்மிஷன் கூடவில்லை.

அவங்க வகுத்த முறை எளிமையானது. "வேலைக்குப் போக ஆசை"ன்னு சொன்னா போதும், தகுதித் தேர்வு கிடையாது. அவருக்குப் பிடிச்ச வேலையா உடனே தேடணும். வேலைக்கு உதவுறவர் டாக்டரோட ஒரே டீமில் உட்காரணும். முக்கியமா, வேலை கிடைச்சதும் கைகழுவக் கூடாது. சூப்பர்வைசரோட சண்டை, மாத்திரையால் வரும் காலைத் தூக்கம்... சிக்கலெல்லாம் சேர்ந்த பிறகுதானே ஆரம்பிக்கும்!

ஐரோப்பாவில் 6 நகரங்களில் 312 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனாங்க. பழைய முறையில் 28.

சரி, உதவித்தொகைப் பயம் என்னாச்சு? 1999-ல் கிளின்டன் காலத்துச் சட்டம், வேலைக்குப் போன பிறகும் பல வருஷம் மெடிக்கேர் தொடரும் என்றது. வேலைவாய்ப்புச் சேவை பெற ஒரு டிக்கெட்டும் தந்தது. டிக்கெட்டைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. பல வருஷப் பயம் ஒரு தபாலில் போயிடாது.

2006-ல் தொடங்கி அரசே 2,000-க்கும் மேற்பட்ட உதவித்தொகையாளர்களிடம் டிரேக் முறையைச் சோதித்தது. சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கிட்டாங்க. தகுதி மறுபரிசீலனையை 3 வருஷம் நிறுத்தி வெச்சாங்க. சுமார் 60 சதவீதம் பேர் வேலைக்குப் போனாங்க, ஒப்பீட்டுக் குழுவில் 40. ஆனா பெரும்பாலும் பகுதிநேர வேலை, சின்னச் சம்பளம். உதவித்தொகையை விட்டு வெளியேறியவர்கள் சொற்பம்.

பட்ஜெட் பார்க்கிறவங்களுக்கு இது தோல்வி. எனக்கு அப்படித் தோணல. இன்சுலின் போட்டுக்கிட்டே வயலுக்குப் போற சர்க்கரை நோயாளியிடம் "இன்னும் ஊசியை நிறுத்தலையே"ன்னு நாம குறை சொல்றதில்லையே.