பெயரை மறைத்தாலும் தெருவை சொன்னால் ஜெயில்தான்

பலாத்கார வழக்கு செய்திகளில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போடுவது வெறும் மரியாதைக்காக அல்ல. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால் 2 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. 1983-ல் வந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவாக உள்ளது.

பெயரை மறைத்துவிட்டு தெரு, அப்பா பார்க்கும் வேலை, பள்ளிக்கூடம் என்று புட்டு புட்டு வைத்தால்? ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்து போகும். அப்புறம் பெயரை மறைத்து என்ன பிரயோஜனம்! சிறுவர், சிறுமிகள் வழக்கில் முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிட போக்சோ சட்டம் 23-வது பிரிவு தடை விதிக்கிறது.

பாதிக்கப்பட்டவர் இறந்து விட்டால், குடும்பத்தினர் சம்மதித்தாலும் போதாது. செசன்சு கோர்ட்டுதான் முடிவு செய்யவேண்டும் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சமூக வலைத்தளங்களில் போட்டோ போடுபவர்களுக்கும் இதே தடைதான்.