பழைய பிழைகளுக்கான காவல்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தவர்களுக்குச் சூளைக் கூம்பு புதிதல்ல. ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886-இல் வெளியிட்ட கூம்பு, சரக்கோடு சேர்ந்தே வெந்து, வளையும் அளவால் வேக்காட்டைக் காட்டும். கணினியின் கோப்பு முறைமைக்கும் அப்படியொரு சாட்சி உண்டு. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்காகத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு, இன்று லினக்ஸின் ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றையும் சோதிக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். கூடவே, வரவேண்டிய விடையை எழுதிவைத்த கோப்பு. ஒரு வரி பிசகினாலும் தோல்விதான்.

சோதனையை எழுதுவதைவிடப் பேணுவதே கடினம் என்பேன். ஏதோவொரு கருவி தன் செய்தியில் ஒரு சொல்லை மாற்றினாலே, பிழை ஏதுமின்றிச் சோதனை விழும். கணினிக்குக் கணினி மாறும் எண்களையும் சாதனப் பெயர்களையும் அழித்துப் பொதுக்குறி இடும் வடிகட்டிகள் தொகுப்பில் பெருகியது அதனால்தான். (புதியவர்கள் முதலில் சலித்துக்கொள்வதும் அவற்றைப் பார்த்துத்தான்.) என்றோ திருத்திய பிழைக்கு இன்னும் சோதனை எதற்கு, மணிக்கணக்கில் ஓடுகிறதே என்ற கேள்வியில் நியாயம் உண்டு; அவசரத்துக்கென்று விரைவுக் குழு ஒன்றும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பழையதை நீக்கிவிடலாம் என்பதை ஏற்க முடியாது. பிழை பிறந்த அதே நிரல்பகுதியைப் பின்னாளில் வேறொருவர் வேகத்துக்காகத் திருத்தி எழுதுவார். மின்சாரம் நின்றபின் கோப்பு முழுக்கப் பூச்சியங்களாகக் கிடந்த பழைய கதையை அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்.