இரைப்பை முடித்திரள்

விழுங்கிய தலைமுடி இரைப்பையில் சேர்ந்து, உணவுப் பாதையை அடைக்கும் கட்டியாகத் திரள்வதே முடித்திரள். பெரும்பாலும் சிறுமியரிடமும் இளம்பெண்களிடமும் காணப்படுகிறது. அரிதான நோய்தான்; ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிராபத்தில் முடியலாம். 1779இல் பொதாமான் என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதன்முதலில் விவரித்தார்.

உருவாகும் விதம்

முடி கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. நமது சமிபாட்டு நொதியங்கள் அதைக் கரைப்பதில்லை. வழுக்கும் இழைகள் இரைப்பையின் அசைவுக்குப் பிடிபடாமல் மடிப்புகளில் தங்கிவிடுகின்றன. மேலும் மேலும் விழுங்கும் முடி சளியோடும் உணவுத் துணுக்குகளோடும் பின்னி, அச்சில் வார்த்ததுபோல் இரைப்பையின் வளைவையே தன் வடிவமாகக் கொள்கிறது. அமிலத்தில் ஊறுவதால் பொன்னிற முடிகூடக் கருத்துவிடும். திரளின் வால் சிறுகுடலுக்குள் நீள்வதும் உண்டு. அந்நிலைக்கு 1968இல் ஜெர்மானியக் கதையின் நீள்கூந்தல் பெண்ணான ரபுன்செலின் பெயர் சூட்டப்பட்டது.

அறிகுறிகள்

மேல்வயிற்று வலி, கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, வாந்தி, மெலிவு, குருதிச்சோகை, வாய்நாற்றம் ஆகியவை முக்கியமானவை. இடது விலாவின் கீழ் அழுத்தினால் கடினமான, அசையும் கட்டி கையில் தட்டுப்படலாம். உச்சந்தலையில் திட்டுத்திட்டாக முடி குறைந்து, எஞ்சியவை வெவ்வேறு நீளத்தில் முறிந்திருக்கும். குடலடைப்பும் இரைப்பையில் துளை விழுவதும் இதன் கடுமையான விளைவுகள்.

சிகிச்சை

ஸ்கேன், அகநோக்கிப் பரிசோதனைகளால் நோய் உறுதிசெய்யப்படுகிறது. பூச்சி மருந்தோ கசாயமோ முடியைக் கரைக்காது. பெரிய திரளைச் சத்திரசிகிச்சையால்தான் அகற்ற வேண்டும். 2020 ஜனவரியில் கோயம்புத்தூரின் விஜிஎம் மருத்துவமனையில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ அளவு முடியும் வெற்று ஷாம்பு பாக்கெட்டுகளும் இவ்வாறே எடுக்கப்பட்டன.

கட்டியை எடுத்ததும் நோய் தீர்ந்துவிடாது. முடியைப் பிடுங்கித் தின்னும் பழக்கத்தின் பின்னால் மனத்தாங்கலோ பதற்றமோ இருக்கலாம். 1889இல் பிரெஞ்சு மருத்துவர் அலோப்போ முடிபிடுங்கும் பழக்கத்துக்கு நோய்ப்பெயர் தந்தார். உளநலச் சிகிச்சை இல்லாவிட்டால் திரள் மீண்டும் உருவாகக்கூடும்.

ஊவாத் தோட்டங்களில்

இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் குடற்புழுவும் குருதிச்சோகையும் நெடுநாளாக அறியப்பட்ட பிரச்சினைகள். ஆகவே, வெளிறி மெலிந்த பிள்ளை வயிற்றுவலி என்றால் பூச்சி என்றே நினைக்கத் தோன்றும். மருந்து கொடுத்தும் வலி தொடர்ந்தால் தலையையும் பார்க்க வேண்டும். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) எண்ணெய் தேய்த்துச் சடை பின்னிவிடும் அம்மாவோ அம்மாயியோதான் முறிந்த முடியை முதலில் காணக்கூடியவர்கள். பிள்ளைக் காம்பராப் (குழந்தைக் காப்பகப்) பொறுப்பாளரும் ஆசிரியரும் பிள்ளை முடியை வாயில் வைப்பதைக் கவனிக்கலாம். முடியைப் போலவே மண், சாம்பல் போன்ற உணவல்லாதவற்றைத் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் தொடர்பிருப்பதால், இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

திட்டுவதும் அடிப்பதும் பழக்கத்தை மறைவுக்குத் தள்ளுமே தவிர நிறுத்தாது. சந்தேகம் எழுந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், பிள்ளையைப் பதுளையிலுள்ள மாகாணத்தின் பிரதான அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே சத்திரசிகிச்சையும் உளநலச் சிகிச்சையும் இலவசம். பிள்ளை விடாமல் வாந்தியெடுத்து வயிறு உப்பினால் 1990 என்ற இலக்கத்தில் சுவசரிய அம்பியூலன்ஸை உடனே அழைக்க வேண்டும். உளநல ஆலோசனைக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு.