கூபே

பிரெஞ்சில் வெட்டப்பட்டது என்று பொருள். முதலில் வெட்டுப்பட்டது கார் அல்ல, குதிரை வண்டி. எதிரெதிரே இரண்டு இருக்கை கொண்ட பெட்டி வண்டியில் பின்பக்கம் பார்த்திருந்த முன்னிருக்கையை எடுத்துவிட்டு, பெட்டியைக் குறுக்கினார்கள். கார் வந்தபின் இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் 'கூப்' என்பார்கள். கடைசி ஒலியையும் வெட்டிவிட்டார்கள்.

நான்கு கதவு வண்டிக்கு இப்பெயரை 1962-இலேயே பிரிட்டனின் ரோவர் வைத்தது: பி5 செடானின் கூரையைத் தாழ்த்தி 'கூபே' என்று விற்றது. பரவலாக்கியது 2004-இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் சிஎல்எஸ். முன்கண்ணாடியில் எழும் கூரைக்கோடு வில்லாக வளைந்து டிக்கிவரை ஒரே வீச்சில் இறங்கும். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது; கதவைத் திறந்தால் கண்ணாடி மட்டும் தனியே நிற்கும். அழகுதான், மறுப்பதற்கில்லை. உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு என்று சொகுசுக்கும் குறைவில்லை. ஆனால் தொடக்கத்தில் பின்னால் இருவருக்கே இடம் இருந்தது. உயரமானவர் குனிந்துதான் ஏற வேண்டும். ஓட்டுபவருக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பின்னிருக்கையின் நடுவில் ஒருவருக்கும் இடம் விட்டார்கள்.